பிளஸ் ஒன் எங்கே போயிற்று?

பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக் கணிதம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. கட்-ஆஃப் 200க்கு 190 எடுத்து வந்த பையன், பலகையில் எழுதிய வகையிடல் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுவிடுவான். "சரி, இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? எல்லை என்றால் என்ன?" என்று கேட்டால் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். மந்தமானவன் அல்ல. அந்தப் பாடம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அவன் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்து படித்ததோ பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை.

பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பைக் கல்லூரியிலிருந்து எடுத்துவிட்டு, 1978இல் மேல்நிலைக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்கு ஆயத்தம் செய்யத்தான் இந்த இரண்டு வருஷமும். ஆனால் பொதுத்தேர்வு இரண்டாம் வருஷ முடிவில் மட்டும். 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வும் போனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதனால் வழி திறந்தது என்பதால் அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதன்பிறகு கணிதத்தில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 50 என்று சுருக்கிக் கூட்டும் பிளஸ் டூ மதிப்பெண்தான் ஒருவனுக்கு எந்தக் கல்லூரி என்பதைத் தீர்மானித்தது. அரை மதிப்பெண்ணில் தரவரிசை பல படி இறங்கும். இப்படிப்பட்ட போட்டியில், மதிப்பெண் தராத பாடத்துக்கு ஒரு முழு வருஷத்தைச் செலவழிக்கும் பள்ளிக்கூடம் அல்லவா ஏமாளி? ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் அரைக்கும் வித்தையை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகள் பெயர் சொல்லும் அளவுக்கு வளர்த்தன. மற்ற மாவட்டங்கள் பின்தொடர்ந்தன.

இந்த முறையைக் 'கோழிப்பண்ணைக் கல்வி' என்று கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதன் பலத்தை ஒப்புக்கொள்ளாமல் பேசும் விமர்சனம் பாதிதான் உண்மை. விடுதிப் பள்ளியின் அன்றாடத்தைப் பாருங்கள். காலையில் ஸ்டடி, பகலில் பாடம், சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட். எழுதிய தாள் அன்று இரவே திருத்தி வரும். தப்புப் போட்ட கணக்கை மறுபடி போட்டுக் காட்டினால்தான் படுக்கை. தன் பிழையைச் சூடு ஆறுவதற்குள் பார்க்கிறவன் அதைத் திருத்திக்கொள்கிறான். எத்தனை கல்லூரிகளில் இது நடக்கிறது? நாங்கள் வைக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள் மாணவன் கைக்குப் போய்ச் சேரும்போது அவன் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று, அது தரும் நிச்சயம். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்குப் பாடத்திட்டம் என்பது கரை தெரியாத ஏரி. 'இந்தப் புத்தகம், பின்பக்கக் கேள்விகள், பழைய வினாத்தாள்கள். இவ்வளவுதான், இதை முடித்தால் உனக்கு இடம்' என்று எல்லை போட்டுத் தரும்போது அவனுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. நெசவுக்காரர் மகனும் லாரி ஓட்டுநர் மகளும் கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்ததில் இந்த முறைக்குப் பங்கு உண்டு.

மனப்பாடத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்யாமல் யாரும் நகர முடியாது. ஆனால் அந்த வாய்ப்பாடு நிலத்தை அளக்கவும் நெல்லுக்கு விலை போடவும் மனக்கணக்காக மாறியது. நினைவில் வைத்ததைக் கருவியாக எடுத்துப் புழங்கினார்கள். இங்கே அது தேர்வு அறையில் இறக்கி வைக்கும் சுமையாக நின்றுவிடுகிறது.

இந்த முறையின் நிஜமான பழுது, பாடத்தின் அடுக்கையே உருவி எடுத்ததுதான். எல்லைகள், தொடர்ச்சி, வகையிடல், தொகையிடலின் தொடக்கம் எல்லாம் பிளஸ் ஒன் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. அடித்தளம் இல்லாமல் எப்படி நடத்துவார்கள்? சூத்திரப் பட்டியலை ஒரு தாளில் அடித்துக் கொடுத்து இரண்டு வாரம் உருப்போட வைத்தால் போதும், வண்டி ஓடும். பிளஸ் டூ கேள்விக்கு அதுவே தாராளம். இயற்பியலிலும் இதே கதை. நியூட்டனின் விதிகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் எல்லாம் பிளஸ் ஒன். வேதியியலில் மோல் கணக்கும் கரிம வேதியியலின் அடிப்படையும் அங்கேதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் பருவக் கணிதம் அணிகளும் நுண்கணிதமுமாக இருந்தது. இயற்பியல் தொடங்கியது இயக்கவியலில். அதாவது பள்ளி எந்த வருஷத்தைத் தூக்கி எறிந்ததோ, கல்லூரி அதன்மேல்தான் முதல் கல்லை வைக்கிறது. அந்தப் பருவத்தில் விழும் அரியர், நன்றாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கிய பையனுக்கு வாழ்க்கையின் முதல் தோல்வி. அதை எப்படித் தாங்குவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தினசரிப் பழக்கத்திலும் ஒரு விலை கொடுக்கிறோம். மணி அடித்து எழுப்பி, மணி அடித்துப் படிக்கவைத்து, மணி அடித்துத் தூங்கவைத்த பிள்ளை, மணியே இல்லாத கல்லூரி விடுதியில் திகைத்துப் போகிறான். நூலகத்தில் தானாக ஒரு புத்தகத்தைத் தேடி எடுப்பது, புரியாத இடத்தில் குறிப்பு எழுதுவது, ஆசிரியர் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்பது எதுவும் கைவராது. கேள்வியின் எண்ணை மாற்றினால் போடுவான். வடிவத்தை மாற்றினால் "சார், இது சிலபஸ்லயே இல்ல" என்பான். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தரும் கூடுதல் தடுமாற்றம் தனி.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை அறிவிப்பை நிறுத்தினார்கள். 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆகி, 1200 என்பது 600 ஆனது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்ந்தே கணக்கில் வரும் என்றார்கள். நோயின் மீது சரியாகக் கை வைத்த மருந்து. ஆனால் 2018இலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று பின்வாங்கினார்கள். பிறகு என்ன? பிளஸ் ஒன் தேர்வு என்பது தேறினால் போதும் என்ற சடங்கானது. கடைசி சில மாதங்களில் அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு மறுபடி பழைய புத்தகத்துக்கே போய்விடலாம். கொரோனாவால் 2021 பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று பங்கு பிரித்தார்கள். பிளஸ் ஒன்னுக்கு மதிப்பு வருவதற்கு ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது!

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் அழுத்தம் உண்மை. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வை எடுத்தவர்கள், அந்த வகுப்பில் அந்த வகுப்புப் பாடம்தான் நடக்கிறது என்பதற்கு வேறு என்ன காவல் வைத்திருக்கிறார்கள்?

பள்ளிகளால் முடியாது என்பதும் இல்லை. 2017 முதல் இங்கும் மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத்தேர்வு கட்டாயமானது. அதில் இரண்டு வருஷப் பாடமும் கேட்கிறார்கள். உடனே அதே வளாகங்களில் நீட் பிரிவுக்கு மட்டும் பிளஸ் ஒன் பாடம் உயிர்பெற்றது. ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர். எந்தத் தேர்வுக்கு என்பதைப் பொறுத்து ஒரு பிரிவுக்குப் பாடம் உண்டு, மற்றதற்கு இல்லை. நீட்டை ஆதரித்து இதைச் சொல்லவில்லை. அது கொண்டுவந்த பயிற்சி மையக் கொள்ளை தனியாக எழுத வேண்டிய விஷயம்.

2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், அதையொட்டிய கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள், அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் எல்லாம் பெரிய காரியங்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தச் சான்றிதழ் என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில் இவைதான் அண்ணன், அக்கா. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடாக இருக்கத் தமிழ்நாட்டில் 47ஆக இருந்ததும் சும்மா வந்த எண் அல்ல. ஆனாலும் இவை கூட்டிக்கொண்டு போய் விடுவது கல்லூரி வாசல் வரைக்கும்தான். கேட்டுக்குள்ளே போனவன் முதல் பருவத்தில் என்ன ஆனான் என்ற தகவல், அவன் படித்த பள்ளிக்குத் திரும்பி வருவதே இல்லை. சென்டம் எண்ணிக்கையை ஃபிளக்ஸில் போடும் பள்ளி, தன் பிள்ளைகள் முதல் பருவத்தில் எத்தனை பாடம் தேறினார்கள் என்பதையும் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் பிளஸ் ஒன் புத்தகம் தானாகத் திறக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முதல் பத்தியில் சொன்ன பையனிடம், ஊருக்குப் போகும்போது பிளஸ் ஒன் கணிதம் இரண்டாம் தொகுதியைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். திங்கட்கிழமை கொண்டுவந்தான். முனை மடங்காத, அட்டை போட்ட புதுப் புத்தகம். உள்ளே அவன் தங்கை பெயர். அதே பள்ளியில் இந்த வருஷம் பிளஸ் ஒன்.

"அவளுக்கு வேண்டாமாப்பா?" என்றேன்.

"இப்போதைக்குத் தேவைப்படாதாம் சார். ட்வெல்த் புக்குதான் நடத்திட்டிருக்காங்களாம்."