ஈய ரவை

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது அதை நிரப்பும் பக்குவம்தான். குழலின் வாய்வழியே முதலில் கருமருந்து. அதன்மேல் தேங்காய்நார், கம்பியால் நன்றாகக் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈய ரவை. அது உருண்டு வெளியே வராதபடி மேலே இன்னொரு பிடி நார். காடைக்கும் புறாவுக்கும் பொடி ரவை போதும். வாத்துக்கு அது உதவாது. நெருங்கிய இறகைத் துளைக்கப் பருத்த ரவை வேண்டும். பருத்தால் எண்ணிக்கை குறையும், குறியில் இடைவெளி விழும். இந்தக் கணக்கைக் கைப்பிடியிலேயே அளந்த அறிவு சாதாரணமானதல்ல.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சரியான முடிவுதான், ஆனால் அதையே நம்பிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பும் கொடுத்திருக்க வேண்டும்.

ரவை குறி தப்பினாலும் கொல்லும். சேற்றில் கிடப்பதை வாத்து கூழாங்கல் என்று விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறும். அதனால்தான் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் ஈயம் கூடாது. அங்கே எஃகு ரவை. எடை குறைவு என்பதால் ஈயத்தைவிடப் பருமனாகத் தேர்கிறார்கள். மரக்காணம் அருகே, ஊசிவால் வாத்துகள் வந்திறங்கும் கழுவேலி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே எந்த ரவைக்கும் இடமில்லை.