நன்னூலார் விலக்கிய மாணாக்கர்

ஆசிரியத் தொழிலுக்குத் தமிழில் வகுத்த இலக்கணம் யாதென வினவின், நன்னூலின் பொதுப்பாயிரமென்றே பலரும் விடை கூறுவர். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், எழுத்தையுஞ் சொல்லையும் ஆராயப் புகுமுன், நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கன், பாடங் கேட்கும் முறை என்னும் ஐந்தினையும் எடுத்துரைக்கின்றது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரைப் பதிப்பு வழியாக யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாக இதனைக் கற்றனர். பல்வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பிலிருந்து பயிலவேண்டிய இக்காலத்தில், இப்பாயிரம் ஆசிரியனுக்கு எத்துணை வழிகாட்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியனைப் பற்றி முனிவர் கூறுவன இன்றும் பொன்போற் போற்றத்தக்கவை. ஆசிரியனாகத் தகாதவனுக்கு அவர் காட்டிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. தானாக விழுந்தாலன்றிப் பிறர் அணுகிப் பயன்கொள்ள விடாத பனையைப் பற்றித் தீவகத்தாருக்கு விளக்கம் வேண்டா. ஆயின், மாணாக்கனைப் பற்றிப் பேசும்போது முனிவரின் நோக்கு வேறாகின்றது. அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர். மண்ணுங் கிளியும் இடை மாணாக்கர். ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியுங் கடை மாணாக்கர். இவ்வளவில் நில்லாது, நூல் கற்பிக்கத் தகாதவர் எனச் சிலரை அறவே விலக்குகின்றார். கள்வனும் வஞ்சகனும் நிற்கும் அவ்வரிசையிலே நோயாளியும் மந்தபுத்தியுடையோனும் நிற்கின்றனர். குற்றஞ் செய்தவனையுங் குறையுடையவனையும் ஒரே நிரையில் நிறுத்தியது பொருந்துமா?

முனிவர்க்கு நியாயஞ் செய்யவேண்டுமாயின் ஒன்று கூறலாம். அக்காலத்து மாணாக்கன் ஆசிரியனை நாடிச் சென்றான். ஆசிரியன் ஏற்பவரைத் தெரிந்தெடுத்தான். இன்று அந்நிலை இல்லை. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைவைக் காரணங்காட்டிக் கல்விக்கூடத்திற் சேர்ப்பதில் வேற்றுமை காட்டலாகாதென விதித்தது. 1998 முதல் 5 வயது தொடங்கி 14 வயதுவரை கல்வி கட்டாயமாயிற்று; 2016இல் அவ்வெல்லை 16 வயதுவரை நீட்டப்பட்டது. விலக்கும் உரிமை ஆசிரியனுக்கு இப்பொழுது இல்லை. ஆயினும், விலக்கும் மனப்பான்மை நீங்கியதா?

கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கேட்ட வினாவுக்கு விடை சொல்லான்; நாம் அவனை மந்தன் என்கின்றோம். அவனுக்குச் செவிப்புலன் குறைவாயிருக்கலாம்; கரும்பலகை கண்ணுக்குத் தெளியாதிருக்கலாம்; தந்தையுடன் கடலுக்குச் சென்று பல நாட் பாடத்தைத் தவறவிட்டிருக்கலாம். மந்தம் என்பது பிள்ளையின் இயல்பன்று. காரணந் தேடாத ஆசிரியன் வழங்கிய தீர்ப்பு. குடத்தை ஓட்டையென்று கூறுமுன், நாம் வார்த்த முறையைச் சோதித்தல் வேண்டாவா?

தீவகத்தில் இத்தீர்ப்பின் விளைவு மிகக் கொடிது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்குங் குறிகட்டுவானிலிருந்து படகேறியே செல்லவேண்டும். சோளகக் காற்று மூண்டால் அப்பயணமுந் தடைப்படும். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டு. ஆயின், ஊர்ப் பாடசாலை தன்னை ஏற்காதபோது, நெடுந்தீவுப் பிள்ளை கடல் கடந்து தாயைப் பிரிந்து அங்குச் செல்லவேண்டும். அன்றேல் கல்வியின்றி வீட்டில் இருக்கவேண்டும். மூன்றாவது வழியைத் திறக்க வல்லவர் அவ்வூர் ஆசிரியரே.

அவரை ஆயத்தஞ் செய்யும் நெறியும் நன்னூலிலேயே உளது. பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, வெகுளாமலும் விரையாமலும், ஏற்பவன் எவ்வகையில் ஏற்பான் என்பதை அறிந்து, அவனுள்ளங் கொள்ளுமாறு கற்பிக்குமாறு முனிவர் பணிக்கின்றார். விலக்குப் பட்டியல் அடைத்த கதவை இவ்விதி திறந்துவிடுகின்றது. ஒரே நூலில் இவ்விரண்டும் அருகருகே இருத்தல் முரண்பாடே. நாம் கொள்ளத்தக்கது பின்னையதே.

ஏற்கும் வகையை அறிதல் ஒரு விரிவுரையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. தேசிய கல்வியியற் கல்லூரிகளின் மூவாண்டுப் பயிற்சியில் ஓராண்டைப் பாடசாலைக்கு ஒதுக்கியமை நல்ல ஏற்பாடு. அவ்வாண்டிற் பயிலுநர் சிலராவது தீவகத்தின் சிறு பாடசாலைகளுக்குச் செல்லல் வேண்டும். ஒரு தவணை முழுவதும் ஒரு பிள்ளையை உற்றுநோக்கி, அவன் எதை எவ்வாறு கற்கின்றான் என எழுதிவைத்தல் வேண்டும். கரும்பலகையில் எழுதியதை உரக்க வாசித்தல், செவிகுறைந்தவனை முன்வாங்கில் இருத்தி முகம்பார்த்துப் பேசுதல், ஒரே பாடத்தைக் கண்ணுக்குஞ் செவிக்குங் கைக்கும் ஏற்ப அமைத்தல் ஆகியவை பொருட்செலவை வேண்டாதவை.

இவ்வாறு ஒருவனுக்காகக் காத்திருந்தால் வல்ல மாணாக்கர் பின்தங்குவர் என்பார் உளர். பரீட்சையின் நெருக்கடி மெய்யே. ஆயின், தெளிவாகச் சொன்ன பாடம் வல்லவனுக்குங் கேடு செய்யாது. மாணவர் தொகை குறைந்த தீவுப் பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்துகொள்ளல் எளிது. நாம் குறையென எண்ணும் சிறுமையே அங்கு வாய்ப்பாகின்றது.

உழுபவனின் முயற்சிக்கேற்ப விளைவு தரும் மண்ணை முனிவர் இடைநிலையில் வைத்தார். கற்பாங்கான நிலத்திலே கல்வேலி கட்டி, கிணற்றுநீர் இறைத்துப் பயிர்செய்த நெடுந்தீவார் அவ்வரிசையை ஒப்புவரோ? ஆசிரியனின் உழைப்பை அளந்து காட்டும் உவமை அவ்வெட்டனுள் அஃதொன்றே. அதனை முதலில் வைத்துப் படித்தாற் பொதுப்பாயிரம் நம் காலத்துக்கும் ஏற்ற நூலாகும்.