மாறிவரும் நம் கடல்கள் - 3 (சுடுமண் சிற்பம்)

அமெரிக்கச் சிற்பி கோர்ட்னி மேட்டிசன் 2014இல் உருவாக்கிய சுவர்ச் சிற்பம் இது. கடல் சூழலியலும் சுடுமண் கலையும் பயின்றவர் அவர். கையால் வனைந்து சூளையில் சுட்ட பவள உருக்களைச் சுவரில் ஒரு சூறாவளிச் சுழலாகப் பொருத்தியிருக்கிறார். நடுவில் நிறம் நிறைந்த பவளங்கள். வெளியே செல்லச் செல்ல வெண்மை.

இதற்குக் களிமண்ணைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். சுட்ட மண்ணும் பவளம் போலக் கல்லாக இறுகும், தட்டினால் உடையும். மெருகுப்பூச்சில் சேரும் கால்சியம் கார்பனேட்தான் பவளத்தின் கூட்டுக்கும் மூலப்பொருள். ஈரமண்ணில் தூரிகைக் காம்பு போன்ற எளிய கருவிகளால் குத்திக் குத்தியே துளைகளை அமைக்கிறார். அந்தப் பொறுமை படங்களில் பார்க்கும்போதே தெரிகிறது.

எனக்குள்ள தயக்கம் அந்த வெண்மையைப் பற்றியது. கடல்நீர் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறுகிறது. அப்போது அது இறந்துவிடவில்லை; நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கலாம். ஆகவே சுழலை விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பார்த்தால் மீட்சியாகவும் கொள்ளலாம். இது நல்ல அமைப்பு. ஆனால் பிழைக்காத பவளம் வெண்மையாகவே இருப்பதில்லை. பாசி படர்ந்து பழுப்பேறி, நாளடைவில் நொறுங்கிப்போகிறது. மேட்டிசனின் வெளிவட்டமோ மல்லிகைச் சரம் போல அழகாயிருக்கிறது. கண் அங்கேயே தங்கிவிடுகிறது. பாசி மூடிய அந்த அழுக்குப் பழுப்புக்கு இச்சுவரில் இடமில்லை.