சிட்னியைக் கொண்டாடினோம், பிரிஸ்பேனைக் கவனித்தோமா?

2021 ஜனவரி 11, இந்தியா ஆடிய சிட்னி கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாள். ஒரு ரன்னுக்கு விரைந்த ஹனுமா விஹாரியின் பின்தொடைத் தசை கிழிந்தது. எதிர்முனையில் முதுகுவலியோடு நம்ம அஷ்வின். விஹாரி 161 பந்துகளில் 23, அஷ்வின் 128 பந்துகளில் 39. இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று டிரா செய்தார்கள். நான்கு நாள் கழித்து பிரிஸ்பேனில் தொடங்கிய டெஸ்டில் இருவருமே ஆடவில்லை.

சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் பந்தாடும் பிள்ளைகளிடம் நாம் சிட்னியை மட்டுமே சொல்கிறோம். அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது, அடிபட்டால் ஒதுங்கி நிற்கச் சொல்லும் பிரிஸ்பேன்தான்.

கெட்டித் தரையைவிட மணலில் ஓடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்த கால்தான் தடுமாறும். பாதம் உள்பக்கமாக மடங்கினால், கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டு வீங்கும். அது சுளுக்கு. வேகமாக ஓடும்போது தொடையிலோ கெண்டைக்காலிலோ சுரீரென்று பிடித்தால், தசை கிழிந்திருக்கலாம்.

அடிபட்டவுடன் நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலி இருந்தாலோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதிகளின் சாரம் இதுதான்.

எலும்பு முறியவில்லை என்றால் முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் முக்கியம். காலுக்கு ஓய்வு கொடுத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வலி தணியத் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைத்தால் போதும். சூடான எண்ணெய் தடவி நீவுவதும் சுளுக்கெடுப்பதும் அந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும்.

அதற்காக வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கவும் கூடாது. வலி அனுமதிக்கும் அளவுக்கு நடை, குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல் என்று படிப்படியாக வலுவேற்ற வேண்டும். பின்தொடை ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். வலி போனதை மட்டும் நம்பிக் களமிறங்குவது ஆபத்து.

பயிற்சியாளர்களுக்கும் அணித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்ட பையன் ஒற்றைக்காலில் குதித்து, முழு வேகத்தில் ஓடி, சட்டென்று திரும்பிக் காட்டட்டும். மூன்றையும் வலியின்றிச் செய்யும்வரை, இறுதிப் போட்டியே ஆனாலும் அவனை உட்கார வையுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் இடத்தில் இன்னொருவன் ஆடலாம். பிரிஸ்பேனில் அஷ்வின் இடத்தில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தர், முதல் இன்னிங்ஸில் 62 ரன் அடித்தார், இந்தியா வென்றது.