அரபாத்தின் நாய்: ‘இர மெதியம’வை மறுபடி பார்த்தபோது

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைச் சொன்ன இலங்கைப் படம் எது என்று கேட்டால், முதலில் வாயில் வருவது ஒரு சிங்கள நெறியாளரின் படம்தான். பிரசன்ன விதானகேயின் ‘இர மெதியம’ (2003). ‘உச்சிவெயில்’ என்று தமிழில் சொல்லலாம். இது நமக்கு ஆறுதலா, வெட்கமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

படத்தில் மூன்று கதைகள். காணாமற்போன விமானப்படை விமானியைத் தேடும் மனைவி. விபசார விடுதியில் தன் தங்கையைக் கண்டுவிடும் இளம் சிப்பாய். மூன்றாவது, அரபாத். புலிகளின் கட்டளைப்படி ஊரே வெளியேறுகிறது. இந்தச் சிறுவனுக்கோ தன் நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கணவன், தங்கை, நாய் என்று மூவருக்கும் கைவிட முடியாத ஒன்று இருக்கிறது. மூன்று கதைகளையும் கட்டும் கயிறு அதுதான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் முதலில் கேட்பது, “என்ன சேர், முஸ்லிம் வீட்டுல நாயா?” என்றுதான். கேள்வி நியாயமானதே. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். வெளியிலிருந்து பார்ப்பவரின் பிழை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் சூறத்துல் கஹ்பில் குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருப்பதும் ஒரு நாய்தானே? அந்த இளைஞர்களும் ஈமானுக்காக ஊரை விட்டுப் போனவர்கள். அவர்களுடைய நாய் கூடவே போனது. அரபாத்துக்கு அதுவே பெரும் போராட்டமாகிறது.

கொஸ்லந்தையில் படிப்பிக்கிற எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அதற்குப் பிறகு என்னிடம் வந்த பிள்ளையொன்று வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சேர், எங்க ஆடு கட்டித்தான் கிடந்துச்சு” என்றது. அவ்வளவுதான். பெரிய இழப்பைப் பிள்ளைகள் சின்னதொன்றின் வழியாகத்தான் சொல்வார்கள். அரபாத்தின் நாய் எனக்கு அன்றுதான் விளங்கியது. விதானகே அந்த இடத்தில் பிழைவிடவில்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. மூன்று துயரங்களையும் ஒரே தராசில் வைக்கும்போது, விரட்டப்பட்டது ஒரு சமூகம் என்பது மங்கிப்போகிறது. ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். விமானி காணாமற்போனது போரில். அரபாத் வீடு இழந்தது போரினால் மட்டுமல்ல, பெயர் பார்த்துப் போட்ட கட்டளையால். “எல்லோருக்கும் வலிதான்” என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை யார், ஏன் என்ற கேள்விகளை மூடிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

இதற்காக விதானகேயை மட்டும் குறைசொல்வது சரியல்ல. ‘புரஹந்த களுவர’வுக்குத் தடைபோட்ட நாட்டில், உச்ச நீதிமன்றம் வரை போய் அதைத் திரைக்குக் கொண்டுவந்த மனிதர் அவர். தோட்டத்து மக்களுக்கு ‘புதிய காற்று’ (1975) இருக்கிறது, சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) இருக்கிறது. நாமோ வெளியேற்றத்தைக் கவிதையாகவும் கதையாகவும் எழுதினோம். திரையில் இன்னும் மற்றவர் தோளில்தான் நிற்கிறோம்.

அன்று அரபாத்தின் வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நாயாக இருக்கலாம், ஒரு சைக்கிளாக இருக்கலாம், பாதியில் நின்ற குர்ஆன் ஓதலாகவும் இருக்கலாம். நம்முடைய படம் அங்கேதான் இருக்கிறது.