மச்சமும் கால் ஆணியும்: தோல்புற்று ஒளிப்படிமவியல் பற்றிய தமிழ் எழுத்து

தோல்புற்றை ஒளியால் ஆராயும் முறைகள் குறித்துத் தமிழில் வெளிவரும் மருத்துவ எழுத்துகள் பலவும் நான்கு அடையாளங்களிலிருந்தே தொடங்குகின்றன: சமச்சீரின்மை, ஒழுங்கற்ற விளிம்பு, நிறவேறுபாடு, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம். 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்த இந்நால்விதி, வெளிர்தோலில் தோன்றும் கரிய மச்சத்தை மனத்திற்கொண்டது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர், எவருடைய தோலைக் கண்டு அது எழுதப்பட்டது என்று வினவுவதில்லை. இவ்வினா விடுபட்டதால் விளைந்த குறையையே இக்கட்டுரை சுட்டுகிறது.

காட்டுப்பள்ளியைச் சான்றாகக் கொள்ளலாம். துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைந்துவிட்ட அப்பகுதியின் கழிமுகச் சேற்றில், இருளர் இன்றும் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். அவர்தம் உள்ளங்காலில் கருமையோ ஆறாத புண்ணோ தோன்றின் அதனைக் கால் ஆணி என்றோ சேற்றுப்புண் என்றோ கொள்வதே இயல்பு. கறுத்த தோலினரிடம் மெலனோமா அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகப்படுகை ஆகியவற்றையே மிகுதியும் பற்றுகிறது. நம் எழுத்துகளோ மச்சத்தைத் தேடச் சொல்கின்றன. நல்லூழ் உடையவனை ‘மச்சக்காரன்’ என்னும் வழக்கில் அவ்வறிவுரை எவ்வளவு தூரம் செவியேறும் என்பதும் ஐயமே.

உள்ளங்காலுக்குரிய விதி இல்லாமலில்லை. தோல்நோக்கியின் பெருக்கத்தில் பாதத்தோல் மேடும் பள்ளமுமான வரிகளாகத் தெரியும். நிறமி பள்ளத்தில் ஓடினால் அது பெரும்பாலும் தீங்கற்ற மச்சம். மேட்டில் ஓடினால் மெலனோமா என ஐயுற வேண்டும். தோஷியாக்கி சைதா முதலிய ஜப்பானிய மருத்துவர்கள் நிறுவிய இவ்வேறுபாட்டைச் சொல்லக் கலைச்சொல் எதுவும் வேண்டா. மேடு, பள்ளம் என்னும் இரு சொற்கள் போதும். நம்மவர்க்கு மிகவும் வேண்டிய இச்செய்தியே நம் எழுத்துகளில் இடம்பெறாதது.

கருவிகளும் எல்லாத் தோலையும் ஒன்றுபோல் காண்பதில்லை. 1995இல் மிலிந்த் ராஜாத்யக்ஷா குழுவினர், கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் மெலனினே பளிச்சென்ற வேறுபாட்டைத் தருகிறது எனக் காட்டினர். ஒளியொலிப் படிமத்திலோ மேற்றோல் மெலனின் ஒளியை உறிஞ்சி, ஆழத்திலிருந்து வரும் குறிப்பை மங்கச் செய்கிறது. ஒரே நிறமி ஓரிடத்தில் துணை, மற்றோரிடத்தில் தடை. கணினிக்குப் பயிற்சியளிக்கும் படத்தொகுப்புகளிலும் இச்சாய்வு உண்டு. 2018இல் வெளியான ஹாம்10000 தொகுப்பின் 10,015 படங்கள் வியன்னாவிலும் குயின்ஸ்லாந்திலும் திரட்டப்பட்டவை. 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் 656 படங்களைக் கொண்டு சோதித்தபோது, கறுத்த தோலில் நிரல்களின் திறன் குறைந்தது. ‘செயற்கை நுண்ணறிவு மருத்துவரை விஞ்சியது’ என வியந்தெழுதுவோர் இதனையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

மேலும், இந்தியத் தோல்புற்றின் வரலாறு மச்சத்தின் வரலாறன்று. காஷ்மீரில் உடலோடு அணைத்துக்கொள்ளும் கணப்புச்சட்டியால் வந்த காங்ரிப் புற்றும், இடுப்பில் இறுகிய முடிச்சால் வந்த வேட்டிப் புற்றும் நெடுநாள் உறுத்தலிலும் தழும்பிலும் பிறந்தவை. இவற்றை இனங்காண நிறமி உதவாது. நால்விதிக்கும் இங்கு வேலையில்லை. ஓசிடி கருவியில் ஊடுகதிரே இல்லை. அது அகச்சிவப்பு ஒளியால் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வரையே காண்கிறது. ஆறாத புண்ணின் தடித்த விளிம்பில் எவ்விடத்தில் திசு எடுப்பது எனத் தேர அது துணைசெய்யலாம். புற்றா அன்றா என்பதைத் திசு ஆய்வே உறுதிசெய்யும்.