ஈயம் தீற்றுகிறதா? காசிமேட்டில் ஓர் அச்சுச் சோதனை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு. வலைக்காரர்களுக்கோ மூச்சுவிட நேரமிருக்காது. கிழிசல் தைக்க வேண்டும், மிதவை மாற்ற வேண்டும், அடிக்கயிற்றில் ஈயமணி கோர்க்க வேண்டும். அந்த ஈயமணியை வார்க்கும் அலுமினிய அச்சு ஒன்றை இந்தத் தடைக்காலத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சுவலை வீசும் என் சித்தப்பாவுக்கு மணி தேவைப்பட்டது. அதுதான் தொடக்கம்.

அச்சு என்பது இரண்டு அலுமினியப் பாளம். இடுக்கி மாதிரி திறந்து மூடும், கைப்பிடி மரம். மூடினால் உள்ளே ஆறு குழிகள். மணிக்குத் துளை விழ நெடுக ஒரு கம்பி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு திருகில் சுழலும் எஃகுத் தகடு. அதில் ஆறு கூம்புத் துளைகள். துளை வழியே ஈயத்தை ஊற்றி, இறுகியதும் மரச்சுத்தியால் தகட்டின் ஓரத்தைத் தட்டினால் தகடு சுழன்று, மேலே மிஞ்சிய ஈயத்தை நறுக்கிவிடும். தகடில்லாத அச்சில் ஒவ்வொரு மணிக்கும் வால் இருக்கும். கத்தியால் வெட்டிய பிறகும் பிசிறு நிற்கும், அந்தப் பிசிறு நூலை அறுக்கும். தகடு வைத்த அச்சுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே அதற்காகத்தான்.

முதல் நாள் இருபது தடவை ஊற்றுவதற்குள் தகடு நகர மறுத்தது. தூக்கிப் பார்த்தால் தகட்டின் அடியிலும் அச்சின் மேல்முகத்திலும் விபூதிப் பட்டை போல ஈயம் வளைவாகத் தீற்றியிருந்தது. பார்க்க மெல்லிய பூச்சுதான். ஆனால் தகடு அதற்குமேல் படியாது, மயிரிழை இடைவெளி விழும், அடுத்த ஊற்றில் ஈயம் அதற்குள் புகும், பிசிறு வரும், அதைத் தகடு இழுத்து இன்னும் தீற்றும். அச்சு மட்டம், பணம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அடுப்பு மூட்டியிருந்த இடத்துக்கு அருகில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல மின்னிக்கினு இருக்கு பாரு தம்பி, அது மங்குற வரைக்கும் கை வைக்காதே.”

அந்த ஒரு வரியில் பாதி விடை இருந்தது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஊற்றியதும் கூம்பில் நிற்கும் ஈயம் கண்ணாடி போல மின்னும்; இறுகும்போது மங்கும். உள்ளே கூழாக இருக்கையில் தகட்டைத் தட்டினால் ஈயம் வெட்டுப்படாது, இழுபடும். வேகாத தோசையைத் திருப்பினால் மாவு கல்லில் அப்புகிறதே, அதே கதை. சுத்த ஈயம் சட்டென்று ஒரே வெப்பத்தில் கட்டியாகிவிடும். டயர் கடையில் கிடைக்கும் சக்கர ஈயக்கட்டியில் ஆன்டிமனி கலந்திருக்கும். அதற்குக் கூழ்ப்பதம் நீளும். அப்படிப்பட்ட ஈயமென்றால் மங்கிய பிறகும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

மீதி பாதி விடை வெப்பமானியில் இருந்தது. துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத்தான் நம்பியிருந்தேன். அது 250 காட்டியது. நானும் சூடு போதவில்லை என்று அடுப்பை ஏற்றிக்கொண்டே இருந்தேன். 250 டிகிரியில் ஈயம் உருகியே இருக்காது என்பது அப்போது உறைக்கவில்லை. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு. அதனால் அந்தக் கருவி குறைத்தே காட்டும். உள்ளே முக்கி அளக்கும் கம்பி வெப்பமானியை வாங்கி வைத்தபோது 460. அந்தச் சூட்டில் ஊற்றிக்கொண்டே போனால் அச்சும் தகடும் கொதித்துப்போய், கூம்பு இறுகவே நேரமாகும். 380க்குக் குறைத்தேன். தீற்றல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

மிச்சமிருந்த கொஞ்சத்துக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில். அச்சு சூடாக இருக்கும்போது பஞ்சில் ஒரு துளி தொட்டு, தகட்டின் அடியிலும் திருகிலும் தடவி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். மினுமினுப்பு தெரிந்தாலே அதிகம். குழிக்குள் போனால் மணியின் மேல் சுருக்கம் விழும். குழிக்கு மண்ணெண்ணெய் விளக்கின் கரி போதும். ஏற்கெனவே தீற்றியதை எடுக்க அச்சை நன்றாகச் சூடேற்றி, மெழுகு தடவி, மூங்கில் குச்சியால் தேய்த்தேன். உரிந்து வந்தது. உளியும் உப்புத்தாளும் வேண்டாம். அலுமினியம் கீறிவிடும், அந்தக் கீறலில்தான் அடுத்த ஈயம் ஒட்டும்.

குறை இல்லாமல் இல்லை. தகட்டின் திருகு சூட்டில் தளர்கிறது. அரை மணிக்கொருமுறை முடுக்க வேண்டும். துளைக்கம்பி மெல்லியது, இரண்டாம் வாரத்தில் வளைந்துவிட்டது. கைப்பிடி இன்னும் நாலு விரல் நீளமாக இருந்திருக்கலாம்.

பழைய வலையிலிருந்து கழற்றிய மணிகளை உருக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். துளைக்குள் ஈரமும் உப்பும் நூலும் தங்கியிருக்கும். உருகிய ஈயத்தில் அதைப் போட்டால் ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி ஈயத்தை வாரி இறைக்கும். வெயிலில் காயவைத்து, குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். பேட்டரித் தட்டுகளைத் தொடவே வேண்டாம். அமிலமும் நச்சுப்புகையும் உயிரோடு விளையாடும்.

நம் வீட்டு ரச ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இதையும் பயமில்லாமல் புழங்குகிறார்கள். உடம்பில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையைவிட, மேலே படியும் சாம்பல் நிறக் கசடுதான் கையில் ஒட்டி, சட்டையில் ஏறி, வீட்டுக் குழந்தையின் வாய்வரை போகிறது. பிரிட்டன் 1987லேயே சிறு தூண்டில் ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டது. அங்கே மடிந்தவை அன்னப்பறவைகள். நம் குப்பத்தில் வார்க்கிற இடத்தைச் சுற்றி ஓடி விளையாடுவது பிள்ளைகள். அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள். கடற்காற்று முதுகில் படும்படி திறந்த வெளியில் உட்காருங்கள், வெற்றிலை பாக்கைத் தள்ளி வையுங்கள். கை கழுவி, சட்டை மாற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள்.

தடைக்காலத்துக்கு நூற்றுக்கணக்கில் மணி வார்ப்பவருக்கு இந்த அச்சு தாராளமாகத் தகும். வருடத்துக்கு ஒரு வீச்சுவலை சரிசெய்பவர் கடையில் மணியாகவே வாங்கிக்கொள்ளலாம். அச்சு வாங்குவதென்றால் கம்பி வெப்பமானியையும் அன்றைக்கே சேர்த்து வாங்குங்கள்.